வானவில் அளவுகோல் விலக்கப்பட்ட கதை: சாயல், வெளிர்மை, செறிவு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2015ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் அறிவியல் கணினிப் பயன்பாட்டுக்காக நடந்த சைபை மாநாட்டில் நதேனியல் ஸ்மித், ஸ்டெஃபான் வான் டெர் வால்ட் ஆகிய இருவர் ஒரு முன்மொழிவை வைத்தார்கள். அறிவியல் உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் வரைபட நிரல்தொகுப்பான மேட்பிளாட்லிப், எண்களை நிறங்களாக மாற்றிக் காட்டுவதற்கு இயல்பாகக் கையாண்டுவந்த வானவில் அளவுகோலைக் கைவிட வேண்டும் என்பதே அது. மாற்றாக வைக்க வேண்டிய அளவுகோலையும் அவர்களே உருவாக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். 2017 ஜனவரியில் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அந்த மாற்றம் நடைமுறைக்கு வந்தது.

ஒரு மென்பொருளின் இயல்பு அமைப்பில் ஒரு நிற வரிசையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தது சிறிய செய்தியாகத் தோன்றலாம். நிறத்தின் அடிப்படைப் பண்புகளைக் கற்கும் ஒருவருக்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு கிடைப்பது அரிது என்று நான் கருதுகிறேன். ஏனெனில் இங்கே அழகு, சுவை, மரபு என்ற வாதங்களுக்கு அப்பால், நிறத்தின் எந்தப் பண்பிடம் எந்த வேலையை ஒப்படைக்க வேண்டும் என்ற கேள்வி அளந்து பார்க்கக்கூடிய வடிவில் எழுந்தது. தவறான பண்பிடம் ஒப்படைத்தால் படம் பொய் சொல்லும் என்பதும் அளந்தே காட்டப்பட்டது.

பின்னணி

மழைப்பொழிவு வரைபடம், மூளையின் ஸ்கேன் படம், கடல் வெப்பநிலைப் படம் ஆகியவற்றில் நாம் காணும் நிறங்கள் எவையும் அந்தப் பொருளின் நிறங்கள் அல்ல. ஒவ்வொரு புள்ளியிலும் அளக்கப்பட்ட ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணுக்கு இன்ன நிறம் என்று விதிக்கும் பட்டியலையே வண்ண அளவுகோல் என்கிறோம். மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் நெடுங்காலம் இயல்பாக இருந்த அளவுகோலின் பெயர் ஜெட். அமெரிக்காவின் தேசிய மீக்கணினிப் பயன்பாட்டு மையத்தில் விண்வெளிப் பாய்மத் தாரை (ஜெட்) ஒன்றைக் கணினியில் உருவகித்துக் காட்டிய பணியோடு தொடர்புடையது அந்தப் பெயர். கரு நீலத்தில் தொடங்கி, நீலம், சயான் (நீலமும் பச்சையும் கலந்த நிறம்), பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏறி, கரும் சிவப்பில் அது முடியும்.

வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்துகொண்டிருந்த நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஹன்டர் 2003இல் மேட்பிளாட்லிப்பை வெளியிட்டபோது, மேட்லேப்பில் பழகியவர்கள் எளிதாக மாறிக்கொள்ளும்படி அதையே முன்மாதிரியாகக் கொண்டார். ஜெட்டும் அதனுடன் சேர்ந்தே வந்தது. இயல்பு அமைப்பு என்பது, யாரும் தேர்ந்தெடுக்காமலேயே எல்லோரும் தேர்ந்தெடுத்ததாக ஆகிவிடும் ஒன்று. ஆய்விதழ்களிலும் பாடநூல்களிலும் செய்தித்தாள்களிலும் அறிவியல் படம் என்றாலே வானவில் நிறங்கள்தாம் என்ற பழக்கம் வேரூன்றிப்போனதற்கு இது பெரிய காரணம்.

மூன்று பண்புகள்

ஒரு நிறத்தை முழுமையாகச் சொல்ல மூன்று செய்திகள் தேவை என்பதை வடிவமைப்புத் துறைக்கு ஒழுங்காக வகுத்துத் தந்தவர் பாஸ்டனைச் சேர்ந்த ஓவியரும் ஓவிய ஆசிரியருமான ஆல்பர்ட் மன்செல். மாணவர்களுக்கு நிறத்தைக் கற்பிக்கும்போது, கிளிப்பச்சை, மயில்நீலம் போன்ற பெயர்கள் ஆளுக்கொரு பொருள் தருவதைக் கடந்து, எண்ணால் குறிக்கும் முறை ஒன்றை 1905இல் நூலாக வெளியிட்டார். இன்றும் மண்ணியல் அறிஞர்கள் வயல் மண்ணின் நிறத்தைக் குறிப்பது அவர் வகுத்த முறையில்தான்.

முதலாவது சாயல். இது சிவப்பா, மஞ்சளா, நீலமா என்ற கேள்விக்கான விடை. மன்செல் ஐந்து முதன்மைச் சாயல்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட ஐந்தையும் ஒரு வட்டத்தில் அடுக்கினார். வட்டம் என்பதைக் கவனிக்க வேண்டும். வட்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. சிவப்பு மஞ்சளைவிடப் பெரியதா என்று கேட்டால் கண்ணிடம் விடை இல்லை. அகரவரிசைபோல ஒரு வரிசையை நாம் கற்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். பார்த்த மாத்திரத்தில் தெரிகிற வரிசை அதில் இல்லை.

இரண்டாவது வெளிர்மை. அடர் நீலத்துக்கும் வெளிர் நீலத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். கருமைக்கு 0, வெண்மைக்கு 10 என்று மன்செல் இதை எண்ணிட்டார். கண் மதிப்பீட்டை மட்டும் நம்பாமல் இதை அளப்பதற்கென்றே ஓர் ஒளிமானியையும் வடிவமைத்தார். வெளிர்மைக்கு இயல்பான மேல்கீழ் உண்டு. வெவ்வேறு வெளிர்மை உடைய நான்கு சாம்பல் அட்டைகளை ஒரு குழந்தையிடம் கொடுத்தால், யாரும் சொல்லித்தராமலே அவற்றை அது வரிசையாக அடுக்கிவிடும். நான்கு சாயல்களைக் கொடுத்தால் அவ்வாறு அடுக்க முடியாது.

மூன்றாவது செறிவு. ஒரே சாயலும் ஒரே வெளிர்மையும் கொண்ட இரண்டு நிறங்களில் ஒன்று துலக்கமாகவும் மற்றொன்று சாம்பல் கலந்து மங்கலாகவும் இருக்கலாம். சாம்பலிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதே செறிவு. கண்ணைக் கவர்ந்து இழுக்கும் ஆற்றல் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

இம்மூன்றும் தனித்தனியானவை என்றாலும், ஒன்றுக்கொன்று முற்றிலும் சுதந்திரமானவை அல்ல. மன்செல்லின் முறையில் மிக முக்கியமானதாக நான் கருதும் கண்டுபிடிப்பு இங்கேதான் இருக்கிறது. நிறங்களையெல்லாம் மூன்று பரிமாணத்தில் அடுக்கினால் சீரான உருண்டை கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, அவருடைய அளவீடுகள் ஒழுங்கற்ற, ஒருபுறம் மேலே புடைத்தும் மறுபுறம் கீழே புடைத்தும் நிற்கிற ஓர் உருவத்தைக் காட்டின. மஞ்சள் மிகச் செறிவாக இருப்பது வெண்மைக்கு அருகில். நீலமும் ஊதாவும் மிகச் செறிவாக இருப்பது கருமைக்கு அருகில். ஆகவே, ஒவ்வொரு சாயலிலும் மிகத் துலக்கமான நிறத்தையே எடுத்துக்கொண்டு வட்டத்தைச் சுற்றி வருகிறவர், தாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், வெளிர்மையில் ஏறி இறங்கியே ஆக வேண்டும். ஜெட் அளவுகோலுக்கு நேர்ந்தது சரியாக இதுதான்.

ஜெட்டைப் பிரித்துப் பார்த்தல்

0 முதல் 80 மில்லிமீட்டர் வரையிலான மழை அளவை ஜெட் அளவுகோலில் வரைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவுகோல் அமைந்துள்ள முறைப்படி 0 மி.மீ. கரு நீலம், 10 மி.மீ. முழு நீலம், 30 மி.மீ. சயான், 40 மி.மீ. வெளிர் பச்சை, 50 மி.மீ. முழு மஞ்சள், 70 மி.மீ. முழுச் சிவப்பு, 80 மி.மீ. கரும் சிவப்பு. இந்த ஒவ்வொரு நிறத்தின் வெளிர்மையையும், சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 1976இல் வகுத்த, கருமைக்கு 0 வெண்மைக்கு 100 என்ற அளவீட்டில் கணக்கிடலாம். கணினித் திரையில் ஒரு நிறத்தின் ஒளிர்வுக்குப் பச்சை 71.52 விழுக்காடும், சிவப்பு 21.26 விழுக்காடும், நீலம் வெறும் 7.22 விழுக்காடும் பங்களிக்கின்றன. மூன்று நிறங்களும் திரையில் ஒரே எண்ணான 255இல் எரிந்தாலும் கண்ணுக்கு அவை சமமல்ல என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

அப்படிக் கணக்கிட்டால் கிடைக்கும் வெளிர்மை வரிசை இது: கரு நீலம் 13, நீலம் 32, சயான் 91, வெளிர் பச்சை 91, மஞ்சள் 97, சிவப்பு 53, கரும் சிவப்பு 25.

இந்த ஏழு எண்களுக்குள் வானவில் அளவுகோலின் எல்லாக் குறைகளும் அடங்கியிருக்கின்றன. முதலில் 10 மி.மீ. முதல் 30 மி.மீ. வரையிலான பகுதியைப் பார்ப்போம். மழை 20 மி.மீ. கூடுவதற்குள் வெளிர்மை 59 படிகள் தாவுகிறது. அடுத்த 20 மி.மீ., அதாவது 30 முதல் 50 வரை, வெளிர்மை 6 படிகள் மட்டுமே நகர்கிறது. தரவில் இரண்டும் சமமான மாற்றங்கள். கண்ணுக்கு முதலாவது ஒரு செங்குத்தான மதிலாகவும், இரண்டாவது சமவெளியாகவும் தெரிகிறது. மழை உண்மையில் சீராகக் கூடிக்கொண்டே போகிற ஒரு நிலப்பரப்பிலும் நீலத்துக்கும் சயானுக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு தோன்றும். அந்தக் கோடு வானத்தில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது. மஞ்சளைச் சுற்றி இன்னொரு மெல்லிய ஒளிப்பட்டை தோன்றும். அதுவும் அப்படித்தான்.

மேடு இல்லாத இடத்தில் மேடு காட்டுவது ஒரு பிழை என்றால், மேடு இருக்கும் இடத்தில் ஒன்றுமில்லை என்று காட்டுவது அதைவிடக் கொடிய பிழை. நுண்ணிய விவரங்களைக் கண் பிரித்தறிவது பெரும்பாலும் வெளிர்மை வேறுபாட்டால்தான். சாயல் வேறுபாட்டை அது பரந்த திட்டுகளாகவே உணர்கிறது. படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்புமுறை இந்த உண்மையின்மேல்தான் நிற்கிறது. வெளிர்மையை ஒவ்வொரு புள்ளிக்கும் சேமித்துக்கொண்டு, நிறச் செய்தியைப் பெரும்பாலும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகச் சுருக்கிவிடுகிறது அது. நாம் அந்த இழப்பை உணர்வதே இல்லை. ஆகவே, 30க்கும் 50க்கும் இடைப்பட்ட பகுதியில் ஒரு சிறு ஊரளவுக்கு மழை சற்றுக் கூடியிருந்தால், ஜெட் வரைபடத்தில் அது பச்சைக்குள் கரைந்துபோகும்.

மூன்றாவது குறையை எவரும் தம் கைப்பேசியிலேயே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஜெட் படம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான். 20 மி.மீ. மழைக்கு ஜெட் தரும் நடுத்தர நீலத்தின் வெளிர்மை ஏறத்தாழ 55, 70 மி.மீ. மழைக்குரிய சிவப்பின் வெளிர்மை 53. சாதாரண நகலெடுக்கும் கருவியில் படி எடுத்தால் மிதமான மழையும் பெருமழையும் ஒரே சாம்பலாக வந்து நிற்கும். உச்சமான 80 மி.மீ., மழையே இல்லாத இடத்தைப்போல இருண்டு கிடக்கும்.

இந்தச் சோதனை நகலெடுப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாட்டை உணர்வதில் குறைபாடு உண்டு. பிற மக்களிடையே இது சற்றுக் குறைவாகக் காணப்பட்டாலும் எங்கும் இல்லாமலில்லை. சாயலை மட்டுமே நம்பி நிற்கிற படம் அவர்கள் கையில் என்னவாகும் என்பதை வடிவமைப்பாளர் முன்கூட்டியே எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டவர்.

இதய நாளங்களில் நடந்த சோதனை

இதெல்லாம் நுணுக்கம் பார்ப்பவர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாதபடி செய்தது, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மிஷெல் போர்க்கினும் உடனாய்வாளர்களும் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு. இதயத் தமனிகளின் உட்சுவர்மீது குருதி உராய்ந்து செல்லும் விசை குறைவாக உள்ள இடங்களில் நோய் ஏற்படும் வாய்ப்பு அதிகம். அந்த இடங்களைக் கண்டறிவதற்கு மருத்துவர்கள் பார்த்துவந்த படங்கள் முப்பரிமாண வடிவில், வானவில் நிறங்களில் இருந்தன. மருத்துவம் பயில்வோரிடம் படங்களைக் கொடுத்துச் சோதித்தபோது, வானவில் நிறமிட்ட முப்பரிமாணப் படத்தில் ஆபத்தான பகுதிகளில் சராசரியாக 39 விழுக்காடுதான் கண்டுபிடிக்கப்பட்டன. வடிவத்தைத் தொடாமல் நிறத்தை மட்டும், கருமையிலிருந்து சிவப்புக்குப் போகும் வேறோர் அளவுகோலாக மாற்றியபோது அது 71 விழுக்காடாயிற்று. தமனியை விரித்துத் தட்டையாக வரைந்த இருபரிமாணப் படத்தில் வானவில்லுக்கு 62, மாற்று நிறத்துக்கு 91.

தரவு ஒன்றே, நோயாளி ஒருவரே, பார்ப்பவர்களும் பயிற்சி பெற்றவர்களே. ஒவ்வொரு இணையிலும் மாறியது நிறம் மட்டும். வடிவமைப்பு என்பது கடைசியில் பூசும் மெருகு என்று எண்ணுவோர் இந்த நான்கு எண்களின் முன்னால் சற்று நேரம் நிற்க வேண்டும். எடைக்கல்லில் எண் தவறாகப் பொறித்திருந்தால் வணிகர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தும் பயனில்லை. அளவுகோல் பிழையாக இருக்கும்போது மருத்துவரின் கவனமும் அவ்வாறே வீணாகிறது.

இவ்வளவு நாள் ஏன் நீடித்தது

ஜெட்டின் குறைகள் 2015இல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. ஐபிஎம் நிறுவன ஆய்வாளர்கள் பெர்னிஸ் ரோகோவிட்ஸ், லாயிட் டிரைனிஷ் ஆகியோர் 1990களிலேயே எழுதியிருந்தார்கள். 2007இல் டேவிட் போர்லண்ட், ரசல் டெய்லர் ஆகியோர் மீண்டும் எழுதினார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிந்தியா பிரூவர், நிலவரைபடங்களுக்கு ஏற்ற நிறத் தொகுதிகளை வகைப்படுத்தி, எவரும் எடுத்தாளும்படி இணையத்தில் வைத்திருந்தார். படித்தார்கள், ஒப்புக்கொண்டார்கள், மறுநாளும் ஜெட்டிலேயே வரைந்தார்கள். அறிவுரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இயல்பு அமைப்பின் வலிமை அதற்கு இல்லை.

இன்னொரு காரணத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வானவில் அளவுகோலுக்கு உண்மையான பயன் ஒன்று உண்டு. 1988இல் காலின் வேர் என்ற ஆய்வாளர் செய்த ஆய்வில், படத்தின் ஒரு புள்ளியைக் காட்டி அதன் எண் மதிப்பைப் பக்கத்திலுள்ள நிறப்பட்டையோடு ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னபோது, சாயல்கள் மாறிக்கொண்டே வரும் அளவுகோல்களே சிறப்பாக விளங்கின. சாம்பல் அளவுகோலில் பிழைகள் மிகுந்தன. காரணம், பக்கத்து நிறம் ஒரு நிறத்தின் தோற்றத்தை மாற்றிவிடுவது. பாரிஸின் கோபெலின் திரைச்சீலைத் தொழிற்கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பில் இருந்த வேதியியலாளர் ஷெவ்ருல், கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்று வந்த முறையீடுகளை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, அதன் அருகே நெய்த நிறங்களில் இருக்கிறது என்று கண்டு 1839இல் விரிவாக எழுதியது இதைப் பற்றியே. நடுத்தரச் சாம்பல் இருளுக்கு அருகே வெளுத்தும், வெண்மைக்கு அருகே கறுத்தும் தெரியும். அதனால் மதிப்பைப் படிப்பவர் ஏமாறுவார். சாயலும் கூடவே மாறினால் அந்தக் குழப்பம் குறையும்.

எனவே வானவில்லை நீக்கிவிட்டுச் சாம்பலை வைப்பது தீர்வாகாது. உருவத்தைக் காட்ட வெளிர்மை வேண்டும், மதிப்பைப் படிக்கச் சாயல் வேண்டும். இரண்டையும் ஒரே அளவுகோலில் பெறுவதற்குக் காலின் வேர் சொன்ன வழி, வெளிர்மையில் நிற்காமல் ஏறிக்கொண்டே சாயல்களில் சுழன்று வருவது.

மாற்று அளவுகோல் உருவான விதம்

மேட்லேப்பை வெளியிடும் மாத்வொர்க்ஸ் நிறுவனம் 2014இல் ஜெட்டை விலக்கி, பரூலா என்ற புதிய அளவுகோலை இயல்பாக்கியது. அது அந்நிறுவனத்தின் உடைமை என்பதால் திறந்த மூல நிரல்தொகுப்பான மேட்பிளாட்லிப்பால் அதை எடுத்துக்கொள்ள இயலவில்லை. ஸ்மித்தும் வான் டெர் வால்ட்டும் புதிதாக ஒன்றைச் செய்யத் தொடங்கியது இந்தச் சூழலில்தான். மேட்பிளாட்லிப்பை உருவாக்குவோரில் ஒருவரான எரிக் ஃபைரிங்கும் அதில் பங்குகொண்டார்.

அவர்கள் முதலில் நிறங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, நிபந்தனைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். தரவில் சமமான நகர்வு கண்ணுக்கும் சமமான நகர்வாகத் தெரிய வேண்டும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் வரிசை குலையக் கூடாது. சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளவரும் அதே படத்தைப் படிக்க முடிய வேண்டும். இவற்றோடு, பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும். கண் உணரும் வேறுபாடே தொலைவாக அமையும்படி நிறவியலார் வகுத்திருந்த ஒரு நிறவெளிக்குள், வெளிர்மை சீராக ஏறும் ஒரு வளைகோட்டை வரைந்து, அந்தக் கோடு எந்தச் சாயல்களைத் தொட்டுச் செல்ல வேண்டும் என்பதை மட்டும் கையால் நகர்த்தி முடிவுசெய்தார்கள். நான்கு வடிவங்கள் கருத்துக்கு வைக்கப்பட்டன. மாக்மா, இன்ஃபெர்னோ, பிளாஸ்மா என்பன மூன்று. நான்காவதாக வந்து ஏற்கப்பட்டது விரிடிஸ்.

விரிடிஸின் தொடக்கம் கரும் ஊதா. திரையின் எண்களில் சிவப்பு 68, பச்சை 1, நீலம் 84. நடுவில் வருவது நீலப்பச்சை. 33, 145, 140. முடிவு மஞ்சள், 253, 231, 37. ஜெட்டுக்குச் செய்த அதே கணக்கைச் செய்தால் இவற்றின் வெளிர்மை முறையே 15, 55, 91 என்று வரும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுப்புள்ளி 53. ஆக, நம் மழை வரைபடத்தில் 40 மி.மீ. மழை, வெளிர்மையிலும் ஏறத்தாழச் சரிபாதியில் நிற்கிறது. ஊதாவிலிருந்து மஞ்சளுக்குப் போகும் இந்தப் பாதை, சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் இழப்பில்லாத நீல-மஞ்சள் திசையை ஒட்டியே செல்கிறது.

இதற்குக் கொடுத்த விலை எது என்றால், செறிவு. நடுவிலுள்ள நீலப்பச்சை, திரையால் காட்டக்கூடிய மிகத் துலக்கமான நிறமன்று. சற்று அடங்கிய நிறம். விரிடிஸில் வரைந்த படம் மங்கலாக இருக்கிறது, வேகமில்லை என்ற முறையீடு இன்றும் கேட்பதுண்டு. ஜெட்டில் எல்லா இடமும் உச்சச் செறிவில் கூவிக்கொண்டிருக்கும்; அதில் எது முக்கியம் என்று கண்ணுக்குத் தெரியாது. செறிவை அடக்கி வைத்திருக்கும் படத்தில், எல்லைக்கோட்டையோ ஒரு நகரத்தின் இடத்தையோ துலக்கமான நிறத்தில் குறித்தால் அது உடனே எழுந்து நிற்கும். ஆகவே அந்த விலையை நான் இழப்பாகக் கருதவில்லை.

பின்னர், 2018இல் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள், நிறக்குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஏறக்குறைய ஒரே தோற்றத்தைக் காணும்படி விரிடிஸைத் திருத்தி, நீலத்திலிருந்து மஞ்சளுக்குச் செல்லும் சிவிடிஸை வெளியிட்டார்கள். 2019இல் கூகுள், வானவில்லின் வரிசையையே வைத்துக்கொண்டு அதன் போலி எல்லைகளை மட்டும் மழுக்கிய டர்போவை வெளியிட்டது. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று காட்டும் படங்களில் நுண்ணிய வேறுபாடுகளைப் பிரித்துக் காட்ட அது உதவுகிறது என்றாலும், வெளிர்மை நடுவில் ஏறி இருபுறமும் இறங்குவது அதிலும் தொடர்கிறது.

எல்லைகள்

விரிடிஸ் எல்லா இடத்துக்கும் உரியதன்று. இயல்பு வெப்பநிலையைவிட எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று காட்ட வேண்டிய இடத்தில் நடுப்புள்ளிக்குப் பொருள் இருக்கிறது. அங்கே வெளிர் நடுவிலிருந்து இருபுறமும் இரு சாயல்களில் கறுத்துச் செல்லும் அளவுகோலே வேண்டும். காலநிலை அறிவியலாளர் எட் ஹாக்கின்ஸ் 2018இல் வெளியிட்ட, ஆண்டுக்கு ஒரு பட்டையாக வெப்பநிலையைக் காட்டும் புவிவெப்பப் பட்டைகள், பிரூவரின் தொகுதியிலிருந்து எடுத்த நீலங்களாலும் சிவப்புகளாலும் அவ்வாறு அமைந்தவை.

அளவே இல்லாமல் வகை மட்டும் இருக்கும் இடத்தில் சாயல்தான் தலைமை ஏற்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் நான்கே படிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு செயல் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ரெட் அலர்ட் என்ற சொல்லைக் கேட்ட எவருக்கும் அதன் வரிசை மனப்பாடம். நான்கு வகைகளைப் பிரித்துச் சொல்ல நான்கு சாயல்கள் பொருத்தமானவை. அதே நாளில் நாம் பார்க்கும் டாப்ளர் ரேடார் படமோ தொடர்ச்சியான ஓர் அளவீடு. அங்கும் வானவில் வரிசையே ஆளப்படும்போது, மஞ்சள் திட்டு ஒன்றைக் கண்டு கலங்குகிறவர், அதன் உள்ளே இருண்ட சிவப்பாக இருக்கும் கடும் மழையைச் சிறிய புள்ளியாக எண்ணிக் கடந்துவிடக்கூடும்.

அளவுகோலின் உச்சியும் கவனத்துக்கு உரியது. 2013 ஜனவரியில் ஆஸ்திரேலிய வானிலைத் துறை, 50 டிகிரி செல்சியஸோடு முடிந்திருந்த தன் வெப்பநிலை வரைபடத்துக்கு அடர் ஊதாவையும் இளஞ்சிவப்பையும் சேர்த்து 54 டிகிரி வரை நீட்டியது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின்போது அமெரிக்க தேசிய வானிலைச் சேவை, 15 அங்குலத்துக்கு மேல் என்று ஒரே நிறத்தில் முடிந்திருந்த மழை வரைபடத்தில் ஊதாவின் இரு புதிய படிகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. சாயல்களை முழுதும் செலவழித்துவிட்ட அளவுகோலுக்கு உச்சியில் புது நிறம் தேடுவது கடினம். சேர்க்கும் நிறமும் ஏற்கெனவே கீழே உள்ள நிறங்களில் ஏதேனும் ஒன்றை ஒத்திருக்கும்.

திரை வடிவமைப்புக்கு இது சொல்வது

தரவு வரைபடம் வரையாதவருக்கும் இந்த நிகழ்வில் நேரடியான பயன் உண்டு. பல வடிவமைப்புக் கருவிகளில் நாம் நிறம் தேர்ந்தெடுக்கும் பெட்டி, சாயல், செறிவு, வெளிர்மை என்ற மூன்று எண்களைக் காட்டுகிறது. பெயர்கள் மன்செல்லை நினைவூட்டினாலும் அவை கண்ணை அளந்து பெற்ற எண்கள் அல்ல. திரையின் சிவப்பு, பச்சை, நீல எண்களைக் கூட்டிக் கழித்து எளிதாகக் கணக்கிட்டவை. முழு மஞ்சளுக்கும் முழு நீலத்துக்கும் அந்தப் பெட்டி தருகிற வெளிர்மை ஒன்றே: 50 விழுக்காடு. கண் உணர்வதோ 97, 32. அந்த எண்ணை நம்பி, சாயலை மட்டும் மாற்றி ஐந்து பொத்தான்களுக்கு நிறம் கொடுத்தால், ஒன்று பளிச்சென்றும் இன்னொன்று குழியாகவும் தெரிவது அதனால்தான்.

எழுத்து தெளிவாகப் படிக்கக் கிடைப்பதும் இதே பண்பைப் பொறுத்தது. இணைய அணுகல் விதிகள் சாதாரண அளவு எழுத்துக்குப் பின்புலத்தோடு குறைந்தது 4.5 மடங்கு ஒளிர்வு வேறுபாட்டைக் கேட்கின்றன. வெள்ளைப் பின்புலத்தில் முழு நீல எழுத்து 8.6 பெறுகிறது, முழுச் சிவப்பு 4.0 பெற்றுச் சற்றே தவறிவிடுகிறது. முழு மஞ்சள் 1.07 மட்டுமே. செறிவு எவ்வளவு உயர்ந்தாலும் இந்த எண்ணைத் தூக்கிவிட முடியாது.

பியோர்ன் ஒட்டோசன் 2020இல் வெளியிட்ட ஓகேலேப் என்னும் நிறவெளியை இன்றைய உலாவிகள் நேரடியாக ஏற்கின்றன. கண் உணர்வுக்கு நெருக்கமான வெளிர்மை, செறிவு, சாயல் என்று மூன்று எண்களால் அதில் நிறத்தைக் குறிக்கலாம்; வெளிர்மையை நிலைநிறுத்திச் சாயலை மட்டும் நகர்த்தினால் ஐந்து பொத்தான்களும் ஒரே கனத்தில் நிற்கும். ஆனால் மஞ்சளை நீலத்தின் வெளிர்மைக்கு இறக்கச் சொன்னால் அங்கும் மஞ்சள் கிடைக்காது. ஆலிவ் பச்சையோ பழுப்போதான் கிடைக்கும், ஏனெனில் அந்த ஆழத்தில் செறிவான மஞ்சள் என்று ஒன்று இல்லை. நிறுவனத்தின் அடையாள நிறம் மஞ்சளாக இருக்கும்போது அதைக் கறுக்கச் செய்து வெள்ளை எழுத்தை அதன்மேல் வைக்க முயலாமல், மஞ்சளை அதன் உயரத்திலேயே விட்டுவிட்டு எழுத்தைக் கருமையாக்குவதே சரியான முடிவு.